செம்பூராங்கல்லும் வெண்சுதையும்: பழைய கோவாவின் பொம் ஜெசு பேராலயம்

மாண்டவி நதியின் தென்கரையில், ஒரு காலத்தில் போர்த்துக்கீசியரின் கீழ்த்திசை ராஜ்யத்துக்குத் தலைநகராய் விளங்கி, பின்னர்க் கொள்ளைநோய்களால் குடியொழிந்து, இன்று ஆலயங்களே பெரும்பாலும் எஞ்சி நிற்கும் பழைய கோவாவுக்குச் செல்லும் யாத்திரிகர்கள், வெண்சுதை பூசிய கோயில்களின் நடுவே செக்கச் செவேலென்று நிற்கும் பொம் ஜெசு பேராலயத்தைக் கண்டதும், நானூறு ஆண்டுப் பழமை அந்த நிறத்திலேயே குடிகொண்டிருப்பதாக எண்ணி மெய்ம்மறப்பது வழக்கம். ஆயினும் அந்தச் செந்நிறம் ஆலயத்தின் ஆதி நிறமன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்து சேர்ந்தது. இவ்வுண்மையை ஆலயத்தின் கற்களைக் கொண்டே நிறுவி, அதனால் விளைந்த கேட்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

கொச்சியில் படைத்தலைவராயிருந்து 1593-இல் காலமான ஜெரோனிமோ மஸ்கரேனஸ் என்னும் பிரபு விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு, சேசு சபையார் தங்கள் மடத்தை ஒட்டி இவ்வாலயத்துக்கு 1594 நவம்பர் 24-ஆம் நாள் அஸ்திவாரமிட்டனர். 1605 மே 15-இல் பேராயர் அலெய்ஷோ த மெனேசஸ் இதை அபிஷேகம் செய்தார். ‘பொம் ஜெசு’ என்பதற்கு ‘நல்ல சேசு’ என்பது பொருள். பாலசேசுவின் பெயரால் அமைந்த கோயில் இது.

முகப்பு, ஒன்றன்மேலொன்றாக மூன்று நிலைகளாக எழுகிறது. கீழ்நிலையில் மூன்று வாயில்கள், அதற்கு மேல் மூன்று நீள்சதுரச் சாளரங்கள், அதற்கும் மேல் மூன்று வட்டச் சாளரங்கள் என, பாரம் குறைந்துகொண்டே போவதுபோல் கண்ணை மேலே அழைத்துச் சென்று, உச்சியிலுள்ள சிற்பப் பலகையில், சேசுவின் திருநாமத்துக்குரிய முதல் மூன்று கிரேக்க எழுத்துகளில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்தக் கட்டுக்கோப்பு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதைத் தாங்கி நிற்கும் கல்லோ இம்மண்ணுடையது.

இருவகைக் கற்கள்

சுவர்களுக்கு உள்ளூர்ச் செம்பூராங்கல்லையும், தூண்களுக்கும் சித்திர வேலைகளுக்கும் வடக்கே வெகுதூரத்திலுள்ள வசாயிலிருந்து கடல்வழியே வருவித்த கருங்கல்லையும் கையாண்டார்கள். செம்பூராங்கல் வெட்டும்போது இளகியிருந்து, காற்றுப் பட்டதும் இறுகுவது. ஆகையால் செங்கல்லைப் போல வேண்டிய அளவில் அறுத்து அடுக்கலாம். பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் மலையாள தேசத்தில் இக்கல்லை ஆராய்ந்து, லத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டதும் இக்குணம் பற்றியே. ஆனால், புழையும் துளையும் நிறைந்த இக்கல் நீரை உறிஞ்சும். நுண்ணிய உளிவேலைக்கும் இடங்கொடாது. எனவேதான் சுவர்ப்பரப்பைச் சுண்ணாம்புச் சுதையால் மூடி, நீருக்கு அஞ்சாத கருங்கல்லை மட்டும் வெளியே தெரியவிடுவது அக்காலத்துக் கோவாச் சிற்பாசாரிகளின் முறையாயிற்று. வெண்மையான பரப்பில் கருங்கல் தூண்கள் எழுதிவைத்த கோடுகள்போல் விளங்கவேண்டும் என்பதே இம்முகப்பின் கற்பனை. இன்று செம்மையும் கருமையும் ஒன்றோடொன்று மயங்கி நிற்பதால் அக்கற்பனை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

உட்புறம்

வெளித்தோற்றத்தின் எளிமைக்கு மாறாக, பக்கச் சிறகுகளற்ற ஒரே நீண்ட மண்டபமாய் விரியும் உட்புறத்தின் கோடியில், பொன்முலாம் பூசிய பிரதான பீடம் தகதகக்கிறது. அங்கே பாலசேசுவின் சிறிய சுரூபத்துக்கு மேல், சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பேருருவம், சூரிய மண்டலம்போல் அமைந்த திருநாமச் சின்னத்தை அண்ணாந்து நோக்கி நிற்கிறது. முகப்பின் உச்சியில் கண்ட அதே எழுத்துகளை இங்கே மீண்டும் காண்கிறோம்.

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஜெபங்களைத் தமிழில் கற்பித்தவரும், கோட்டாற்று மக்கள் இன்றும் தம்மவராகப் போற்றுகிறவருமான புனித சவேரியாரின் திருவுடல் இங்குதான் இருக்கிறது. 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர்நீத்த அவருடைய உடல், மலாக்கா வழியாக 1554-இல் கோவாவை அடைந்தது. உடலைத் தாங்கும் வெள்ளிப் பேழை, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோவாத் தட்டார்கள் செய்தது. அதன் தகடுகள்தோறும் அவருடைய சரித்திரம் புடைப்புச் சிற்பமாக விரிகிறது. அப்பேழை அமர்ந்திருக்கும் பளிங்குச் சமாதியோ, டஸ்கனிப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவின் காணிக்கையாக, பிளாரன்ஸ் நகரத்துச் சிற்பி ஜொவான்னி பத்தீஸ்தா பொஜ்ஜினி செய்து, 1698-இல் இங்கே கொண்டுவந்து பொருத்தப்பட்டது. இத்தாலியச் சிற்பியின் பளிங்கின்மேல் கோவாத் தட்டாரின் வெள்ளி வீற்றிருக்கும் இக்காட்சியில், வெளிச்சுவரில் செம்பூராங்கல்லும் வசாய்க் கருங்கல்லும் கூடிய அதே கூட்டுறவைக் காண்கிறோம்.

சுதை நீங்கிய வரலாறு

1759-இல் சேசு சபையார் போர்த்துக்கீசிய நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னும் ஆலயம் வழிபாட்டில் நிலைத்தது. 1946-இல் பசிலிக்கா என்னும் மேன்மையும் பெற்றது. சவேரியார் மறைந்த நானூறாம் ஆண்டு நெருங்கிய 1950-களின் தொடக்கத்தில், போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞர் பல்தசார் காஸ்த்ரோவின் மேற்பார்வையில் வெளிச்சுதை முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டது. பழமையைப் பழமையாகவே காட்டவேண்டும் என்னும் ஆர்வமே அதற்குக் காரணம். ஆனால், கல்லின் சுபாவத்தை அறிந்து முன்னோர் உடுத்திய ஆடையைக் களைந்தபோது, அழகோடு காவலும் போயிற்று. ஆண்டுதோறும் நான்கு மாதங்கள் இடைவிடாது பெய்யும் மேற்குக்கரை மழை, திறந்து கிடக்கும் துளைகளில் ஊறி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து வருகிறது. சுதையை மீண்டும் பூசவேண்டுமென்று ஆலயத்தைச் சேர்ந்தவர்களே அண்மை ஆண்டுகளில் குரலெழுப்பியுள்ளனர். செந்தோற்றத்தைக் கண்டு பழகியவர்கள் அதை மாற்றத் தயங்குகின்றனர்.

கண்பழக்கம் வரலாற்றுச் சான்றாகாது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு வெண்ணிறம் பூண்டிருந்த ஆலயத்துக்கு, சில பத்தாண்டுகளின் நிறத்தை இயல்பென்று கொள்வதற்கில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் செந்துகள் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அத்துகள், 1605-இல் அபிஷேகம் பெற்ற சுவரின் ஓர் அணு. அது கையோடு வராமல் சுவரிலேயே நிலைபெறவேண்டுமானால், பழைய முறைப்படி குழைத்த சுண்ணாம்பை மீண்டும் பூசுவதே தக்க பரிகாரமாகும்.