வாழ்த்து அட்டையின் கதை: அவசரத்தில் பிறந்தது, நிதானம் தருவது



கடந்த தீபாவளிக்கு உங்கள் கைப்பேசிக்கு எத்தனை வாழ்த்துகள் வந்தன? ஐம்பது? நூறு? அவற்றில் ஒன்றையாவது இப்போது நினைவிலிருந்து சொல்ல முடியுமா? சொல்லுங்க பார்ப்போம். பெரும்பாலும் முடியாது. ஆனால், சின்ன வயதில் யாரோ கையால் செய்து கொடுத்த ஓர் அட்டை வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கலாம். இந்த வேறுபாடு ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள 180 ஆண்டுகள் பின்னோக்கிப் போவோம், வாங்க.

பிரிட்டனில் 1840க்கு முன் கடிதம் அனுப்புவது செலவு மிகுந்த வேலை. தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் பணம் கட்ட வேண்டும்! ரோலண்ட் ஹில் என்பவர் முன்வைத்த சீர்திருத்தத்தால் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வந்தது. அனுப்புபவர் ஒரு பென்னி தலை ஒட்டினால் போதும், நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போய்ச் சேரும். விளைவு என்ன? கடிதங்கள் குவிந்தன.

இந்தச் சீர்திருத்தத்திற்குத் துணை நின்றவர்களில் ஒருவர் ஹென்றி கோல். 1843ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் நெருங்கியபோது, பதில் எழுத வேண்டிய கடிதங்கள் அவர் மேசையில் மலைபோல் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. நம்ம கைப்பேசியில் படிக்காமல் கிடக்கும் செய்திகள் மாதிரியே இருக்கு, இல்லையா? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜான் ஹார்ஸ்லி என்னும் ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, ஏறத்தாழ 1,000 அட்டைகளை அச்சிட்டார். நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி. இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள். பெறுபவர் பெயரையும் அனுப்புபவர் பெயரையும் எழுத இடம் விடப்பட்டிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வணிக நோக்கில் அச்சான முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை, நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பிறந்தது. அப்படியிருந்தும் அச்சு கறுப்பு வெள்ளைதான். வண்ணம் கையால் தீட்டப்பட்டது. விலை ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி. தபால் செலவைப் போலப் பன்னிரண்டு மடங்கு! சாதாரண மக்களால் வாங்க முடியவில்லை.

அடுத்து அமெரிக்காவுக்குப் போவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவ்லண்ட் என்னும் இளம்பெண், 1840களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அலங்கார அட்டையைப் பார்த்தார். ‘இதை நானே செய்யலாமே!’ என்று தோன்றியது. சரிகைபோல் வெட்டிய தாள், வண்ணப் படங்கள் ஆகியவற்றைக் கொண்டு மாதிரிகள் செய்தார். எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கேட்புகள் வந்தன. தோழிகளை வரவழைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார்: ஒருவர் வெட்ட, ஒருவர் அடுக்க, ஒருவர் ஒட்ட. கைவேலையே ஒரு தொழிலாக வளர்ந்தது.

பின்னர் வண்ண அச்சு மலிந்தது. 1870களில் பாஸ்டன் நகரத்து லூயிஸ் பிராங் போன்றவர்கள் பல வண்ண அட்டைகளை ஏராளமாக அச்சிட்டார்கள். அட்டை எல்லார் கைக்கும் எட்டியது. கைவண்ணம் மெல்ல விலகியது.

நம் ஊரிலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் அட்டை வாங்கி அனுப்பிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. வந்த அட்டைகளை நூலில் கோத்து வரவேற்பறையில் தொங்கவிட்டதை உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். பிறகு குறுஞ்செய்தி வந்தது, புலனம் வந்தது. ஹென்றி கோல் தேடிய வேகம் முழுமையாகக் கிடைத்துவிட்டது. ஒரே தட்டலில் நூறு பேருக்கு வாழ்த்து!

ஆனால் எதை இழந்தோம்? வரலாற்றில் ‘முதல்நிலை ஆதாரம்’ என்று படிக்கிறோமே, அதை எண்ணிப் பாருங்கள். 1843இன் அட்டைகளில் சில இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. போன ஆண்டு உங்களுக்கு வந்த வாழ்த்து, பழைய கைப்பேசியோடு போய்விட்டிருக்கலாம். பாட்டியின் கையெழுத்து எந்த ‘ஃபார்வர்ட்’ செய்தியிலும் இருக்காது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களே, ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? பாடத்திரையை மூடிவிட்டு வேறொரு திரையைத் திறக்கிறோம். கண்ணுக்கு அது ஓய்வே இல்லை. அதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். ஒரு மணிலா அட்டையை ஏ4 அளவுக்கு வெட்டி இரண்டாக மடியுங்கள். முகப்பில் ஒரு சிறு கோலம் போதும். உள்ளே இரண்டே வரி, ஆனால் அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் இரண்டு வரி. கோடு கோணலாகப் போனாலும் பரவாயில்லை. அதுவும் உங்கள் கையெழுத்தின் ஒரு பகுதிதான். அரை மணி நேரம் போனதே தெரியாது.

ஆசிரியர்களே, மலேசியாவில் மே 16 ஆசிரியர் தினம். 1956இல் அதே நாளில்தான் மலாயாக் கூட்டரசின் சட்டமன்றம் ரசாக் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் மாணவர் நீட்டும் கோணல்மாணலான அட்டையை எத்தனை பேர் இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறீர்கள்! அதை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். யார் எழுதியது, எப்போது, எதற்காக என்று மாணவர்களைக் கேளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

சிந்தனைக்கு: அஞ்சல் கட்டணம் குறைந்ததற்கும் வாழ்த்து அட்டை பிறந்ததற்கும் உள்ள தொடர்பைக் காரணம், விளைவு என வரிசைப்படுத்தி எழுதுக. விடையை எழுதி முடித்ததும், அடுத்த தாளில் யாருக்காவது ஒரு வாழ்த்து எழுதுங்களேன்!