வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்

1829 மார்ச் மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் வரவிருந்தது. யாழ்ப்பாணத்தில் கணிதம் என்றால் அராலி விசுவநாத சாஸ்திரியார்தான். அவருடைய பஞ்சாங்கம் கிரகண நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே சொல்லியிருந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் பள்ளியை நடத்திய பாதிரியார் டேனியல் பூவர் அதைத் தன் கணக்கோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துவரவில்லை. வித்தியாசத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, கிரகண இரவுக்காகக் காத்திருந்தார். வானம் பூவரின் கணக்குப்படியே நடந்தது.

பஞ்சாங்கம் தவறினால் அதன் பின்னால் நிற்கும் புராணமும் ஆட்டம் காணும், பிள்ளைகள் தேவாலயத்துக்கு வருவார்கள் என்பது மிஷனரிகளின் நம்பிக்கை. பிள்ளைகள் வானியலை ஆசையோடு பற்றிக்கொண்டார்கள். தேவாலயத்துக்கு வந்தவர்களும் உண்டு; ஆனால் அப்படி வந்தவர்களில் பலர் படிப்பு முடிந்ததும் சொந்த ஊருக்கும் சொந்தக் கோயிலுக்கும் திரும்பினார்கள். அடுத்த நூறு ஆண்டு யாழ்ப்பாண வரலாற்றின் போக்கை இந்த ஒரு சம்பவத்திலேயே பார்க்கலாம். கற்பித்தவர் ஒன்றை நினைத்தார். கற்றவர் வேறொன்றைச் செய்தார்.

அமெரிக்க மிஷனரிகள் இலங்கை வந்து சேர்ந்தது 1816ல். பிரிட்டிஷ் ஆட்சி அவர்களைக் கொழும்பில் தங்கவிடாமல் வடக்கே அனுப்பியது. பூவர் முதலில் தெல்லிப்பழையில் அமர்ந்தார். பெஞ்சமின் மெய்க்ஸ் வட்டுக்கோட்டைக்குப் போனார். 1823ல் அங்கே ஒரு முழுக் கல்லூரியையே தொடங்க விரும்பினார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இணங்காததால் அது செமினரி என்ற பெயரோடு, பூவரை முதல்வராகக் கொண்டு நடந்தது. பெயர்தான் சிறியது. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்பியல், தர்க்கம் என்று அங்கே நடந்த பாடங்கள் அன்றைய தென்னாசியாவில் மிகச் சில இடங்களில்தான் கிடைத்தன. பிற்பாடு அதைப் பார்வையிட்ட குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்.

பிள்ளைகளைச் சேர்ப்பது மட்டும் லேசாக இருக்கவில்லை. மிஷன் நிலத்தில் சமைத்த சோற்றை உண்ண ஆதிக்க சாதியான வெள்ளாளர் வீட்டுப் பையன்கள் மறுத்தார்கள். கடைசியில், பக்கத்தில் ஒரு சைவரின் நிலத்தில் சமையலறை போட்டுக் கொடுத்தார்கள். சாதியை ஒழிக்க வேண்டும் என்று பேசிய மிஷன், பள்ளிக்கூடம் நடக்க வேண்டும் என்பதற்காகச் சாதியோடு செய்துகொண்ட முதல் சமரசம் அது. ஆனால் கடைசிச் சமரசம் அல்ல.

படிப்புச் செலவு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள நன்கொடையாளர் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், பிள்ளைக்கு அவர் விரும்பிய பெயர் சூட்டப்படும். இப்படித்தான் கறோல் விசுவநாதபிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் காணாத பெயர்கள் உருவாயின. முன்பகுதி கடல்கடந்து வந்தது. பின்பகுதி வீட்டில் வைத்தது. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டே அவர்கள் வளர்ந்தார்கள். ஆணல்ட் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே இருந்து 1886ல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்தார். அந்நூலில் சைவப் புலவர்களுக்கு அவர் தந்த இடத்தைப் பார்ப்பவர்கள் அதை ஒரு மதத்தின் நூல் என்று சொல்ல மாட்டார்கள்.

சிறுப்பிட்டியில் 1832ல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. வட்டுக்கோட்டையில் படித்து, சென்னைக்குப் போய், கறோல் விசுவநாதபிள்ளையோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு சைவத்துக்குத் திரும்பினார். வாழ்நாளின் பெரும்பகுதியைச் செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பதிப்பிப்பதில் செலவிட்டார். வீரசோழியம் 1881ல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885ல், கலித்தொகை 1887ல் அவர் கையால் அச்சேறின. அவர் மகன் அழகசுந்தரம் எதிர்த்திசையில் நடந்தார். கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரோடு போதகரானார். ஆனால் 1921ல் ஜி. இ. பிலிப்ஸ் என்பவரோடு இணைந்து அவர் வெளியிட்ட நூல், சைவ அடியார்களின் பாடல்களுக்கான ஆங்கில மொழிபெயர்ப்பு. மிஷன் பள்ளியில் படித்த தந்தை சங்க நூலை மீட்டார்; போதகரான மகன் தேவாரத்தை ஆங்கிலம் படித்தவர்களிடம் கொண்டுபோனார். மதம் எல்லையாக நின்ற அதே குடும்பத்தில் தமிழ் எல்லை தாண்டி ஓடியது.

மாறியவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். பூவருக்குப் பின் செமினரி முதல்வரான ஹொய்சிங்டன், சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்காவின் கீழைத்தேயவியல் ஆய்விதழில் 1854ல் அவை வெளியாயின. மறுத்துப் பேசுவதற்காகத் திறந்த நூல் அவரைத் தனக்குள் இழுத்துக்கொண்டது என்றே தோன்றுகிறது.

சைவத் தரப்பின் பதில் நல்லூரிலிருந்து புறப்பட்டது. 1822ல் பிறந்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர். மிஷன் எப்படி வேலை செய்கிறது என்பதை அவரைவிட நெருங்கிப் பார்த்த சைவர் எவரும் இல்லை. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் முதல் பிரசங்கம் செய்தார். பாட்டுக்குப் பொருள் சொல்லும் பழைய புராண படனம் அல்ல அது. வாரந்தோறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் விளங்கும் உரைநடையில் பேசும் முறை. பாதிரிமாரிடம் பார்த்துக் கற்ற முறை.

1848ல் பெர்சிவலிடமிருந்து விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து அச்சியந்திரம் வாங்கி வந்தார். அதே பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் அளித்தது. பாலபாடங்கள், வினாவும் விடையுமாக அமைந்த சைவ வினாவிடை, பெரியபுராண வசனம் என அவருடைய அச்சுக்கூடத்திலிருந்து வந்த புத்தகங்கள் கடலைக் கடந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளையும் எட்டின. 1864ல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். இன்றைக்கு நாம் நிறுத்தற்குறி போட்டு எழுதும் தெளிவான உரைநடையில் அவருடைய உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சாதி ஒழுங்கை அவர் கேள்வி கேட்கவில்லை, காத்தார். அவர் கட்டி எழுப்பிய சைவக் கல்வியின் வாசலில் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு இடமில்லை.

இதற்கிடையில் 1855ல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. பாஸ்டனிலிருந்த மிஷன் தலைமையகத்தின் சார்பில் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு கணக்குப் பார்த்தது. ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள். இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்டது. பெற்றோரின் கணக்கோ வேறு. காய்ந்த மண்ணில் தோட்டத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு, பிள்ளையின் ஆங்கிலமே கொழும்புக்கும் மலாயாவுக்கும் போகிற வழியானது. ஆங்கிலக் கல்வியைக் கேட்பவர்கள் இருந்தார்கள்; 1872ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சைவர்களும் சும்மா இருக்கவில்லை. 1888ல் சைவ பரிபாலன சபை, மறுவருடம் 'இந்து சாதனம்' பத்திரிகை. 1886ல் தொடங்கிய ஓர் ஆங்கிலப் பள்ளியைச் சபை 1890ல் ஏற்றுக்கொண்டது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் பெயர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை!

பெண்களுக்கான உடுவில் விடுதிப் பள்ளி 1824லேயே பிறந்துவிட்டது. ஹாரியட் வின்ஸ்லோ வித்திட்டதை, 1840ல் வந்த எலைசா ஆக்னியூ நாற்பதாண்டுக் காலம் வளர்த்தார். அவர் அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை. யாழ்ப்பாணத்திலேயே கண்மூடினார். எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார் ஒரு தலைமுறை முழுவதும் அவரிடமிருந்து வந்தார்கள். சைவப் பெண்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் கல்லூரி திறந்தது 1913ல்தான். இடையில் கழிந்த தொண்ணூறு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகளின் படிப்பு அடுப்படியோடு நின்றிருக்கும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

சாதி வாசலைத் தட்டியவர்கள் மிஷனும் அல்ல, சபையும் அல்ல. இரண்டும் வளர்த்த இளைஞர்கள். 1924ல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அமைப்பில் சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாக இருந்தார்கள். முன்னணியில் நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம், யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவர். 1927 நவம்பரில் இவர்கள் அழைப்பில் காந்தி யாழ்ப்பாணம் வந்து பள்ளி பள்ளியாகப் பேசினார். பூரண சுயராச்சியம் தராத, பிரிட்டிஷார் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பை ஏற்க மாட்டோம் என்று 1931ல் இவர்கள் எழுப்பிய பகிஷ்கரிப்புக் குரலுக்குச் செவிசாய்த்து, யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட வேட்புமனு கொடுக்கவில்லை.

அதைவிடக் கடினமான போராட்டம் வகுப்பறைக்குள் நடந்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளியில் தரையிலோ வெளியிலோ உட்கார்ந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாங்கு, விடுதியில் ஒரே பந்தி என்பது இளைஞர்களின் கோரிக்கை. 1920களின் இறுதியில் சம ஆசனம் உத்தரவாக வந்தபோது ஆதிக்க சாதியார் சிலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. ஆனாலும் வாலிபர் காங்கிரஸ்காரர்கள் பின்வாங்கவில்லை. ஆசிரியர்களாக இருந்தவர்கள் தங்கள் வகுப்பில் அதை நடத்திக் காட்டினார்கள்.

ஹண்டி பேரின்பநாயகம் அரசியலில் பதவி எதையும் அடையவில்லை, பெரும்பாலும் ஆசிரியராகவே வாழ்ந்தார். 1949ல் கொக்குவில் இந்துக் கல்லூரி, கிறிஸ்தவரான அவரைத் தன் அதிபராக்கிக்கொண்டது.