பேய்ப்படத்துக்குப் பசங்களை இழுத்த கதை

போன எபிசோடில் நள்ளிரவுக் காட்சிகளைப் பற்றிப் பேசினேன் இல்லையா, அதோட தொடர்ச்சின்னு வச்சுக்கோங்க.

1978. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் சாம் ரெய்மியும் கூட்டாளிகளும் பேய்ப்படம் எடுக்கக் கிளம்புகிறார்கள். கையில் காசில்லை. அதனால் முதலில் மாதிரிக்கு ஒன்று: சூப்பர் 8 ஃபிலிமில், சுமார் 1,600 டாலர் செலவில், அரை மணி நேரக் குறும்படம். பெயர் ‘விதின் தி வுட்ஸ்’.

பணம் போடுறவங்க பயந்தா மட்டும் போதுமா? டிக்கெட் வாங்கப்போறது இளவட்டமாச்சே! டெட்ராய்ட்டில் ஒரு தியேட்டர்காரரைப் பிடித்து, ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’வின் நள்ளிரவுக் காட்சியோடு ஓட்ட வைத்தார்கள். மாறுவேஷம் போட்டுக்கிட்டு வந்து, திரையைப் பார்த்துக் கத்துற கூட்டம் அது. எனக்கு இதுதான் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. புதுசா ஆள் சேர்க்கவே இல்லை. ஏற்கெனவே கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார்கள்.

பணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. டென்னசி காட்டில் எடுத்த முழுநீளப் படம் 1981 அக்டோபர் 15 அன்று டெட்ராய்ட் ரெட்ஃபோர்ட் தியேட்டரில் திரையானது. வாசலில் ஆம்புலன்ஸ் வேறு! வில்லியம் கேசில் பாணி விளம்பரம்.

ஆனால் அன்றைக்குப் படத்தின் பெயர் ‘புக் ஆஃப் தி டெட்’. விற்பனை ஏஜென்ட் இர்வின் ஷபிரோவுக்கு அது பிடிக்கல. புத்தகம்னு போட்டா, ஏதோ படிக்கிற சமாச்சாரம்னு பசங்க வரமாட்டாங்க என்றார். அப்படித்தான் அது ‘தி ஈவில் டெட்’ ஆச்சு.