ஸ்லெங் டெங் பிறந்த கதை

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில் பாட்டு வேறு, அதற்கு அடியில் ஓடும் தாளமும் பேஸும் வேறு. அந்த அடித்தளத்துக்கு ரிடிம் என்று பெயர். ஒரு ரிடிம் எடுபட்டுவிட்டால், பல பாடகர்கள் அதே இசையின் மேல் தங்கள் மெட்டையும் வரிகளையும் ஏற்றிப் பதிவு செய்வார்கள். அதை அங்கே யாரும் திருட்டென்று சொல்வதில்லை.

1985 வரை ரிடிம் உருவாக்குவதென்றால் பெரும்பாலும் டிரம்ஸும் பேஸும் வாசிக்க ஆட்களைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்க வேண்டும். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியைச் சேர்ந்த பாடகர் வெய்ன் ஸ்மித்துக்கு அப்போது 19 வயது. அவருடைய நண்பர் நோயல் டேவியிடம் கேசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டு இருந்தது; வீட்டில் பொழுதுபோக்காக வாசிப்பவர்களுக்காக வந்த சாதனம். இருவரும் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'ராக்' என்று குறித்திருந்த தாளத்தோடு தானாக ஓடும் பேஸ் வரி அவர்களைப் பிடித்து நிறுத்தியது.

அதைத் தயாரிப்பாளர் கிங் ஜாம்மியிடம் கொண்டுபோனார்கள். டப் இசையின் முன்னோடி கிங் டப்பியிடம் தொழில் பழகிய அவர் முதலில் செய்தது வேகத்தைக் குறைத்ததுதான். என்னைப் பொறுத்தவரை ஸ்லெங் டெங் என்ற ரிடிம் உண்மையில் பிறந்தது அந்த நொடியில். துள்ளி ஓடிய ராக் தாளம், நிதானப்பட்டதும் கனத்தது; ஒவ்வொரு பேஸ் அடிக்கும் நடுவே பாடகர் நிற்க இடம் கிடைத்தது. பிறகு பியானோவும் கைத்தட்டலும் சேர்ந்தன.

1985 பிப்ரவரி 23, வால்தம் பார்க் சாலை. பிளாக் ஸ்கார்ப்பியோ ஒலிபெருக்கிக் குழுவுக்கும் ஜாம்மியின் குழுவுக்கும் நேருக்கு நேர் போட்டி. ஜாம்மி இந்த இசையை எடுத்துவிட்டதும் கூட்டம் அவர் பக்கம் போய்விட்டது.

அடுத்து குரல்கள் வந்து குவிந்தன. 1960-களின் இறுதியிலிருந்தே பாடிவந்த ஜானி ஆஸ்போர்ன் 'படி பை' பாடினார். ஜான் வெய்ன் 'கால் த போலீஸ்' பாடினார். என் மனத்தில் நிற்பது டெனர் சாவின் 'பம்ப்கின் பெல்லி'. தேவாலயப் பாட்டின் ஏக்கம் கலந்த, சுருதியின் ஓரத்திலேயே நடுங்கி நிற்கும் குரல் அவருடையது. இயந்திரம் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்க, அதன் மேல் அந்த மனிதக் குரல் தத்தளிப்பதை இன்று கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. 1988-இல், மிக இளவயதில் அவர் இறந்துபோனார்.

ஜாம்மியின் குருவான டப்பியும் 1985-லேயே 'டெம்போ' என்ற மின்னணு ரிடிமோடு பதில் சொன்னார். வாத்தியக்காரர்கள் பலருக்கு வேலை குறைந்தது. அந்த இழப்பும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

எம்டி-40-இல் அந்த 'ராக்' தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா. 1980-இல் கேசியோவில் சேர்ந்த இளம்பெண். இசைக் கல்லூரியில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே ரெக்கே இசைதான். ராக் என்று நினைத்துச் செய்ததிலும் அவர் நேசித்த ஜமைக்கா புகுந்திருந்தது. தன் தாளம் கிங்ஸ்டனில் செய்துவைத்த வேலையை அவர் அறிந்தது பிறகுதான். ஸ்லெங் டெங் இசைத்தட்டுகளில் ஸ்மித், டேவி, ஜாம்மி பெயர்களுக்குப் பக்கத்தில் ஒகுடாவின் பெயரும் அச்சாக வேண்டும் என்பேன்.