தளம் அடைவதில் சிறந்த பழைய பேஸ்பால் மட்டையாளர்கள்

பேஸ்பால் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒன்பது சுற்றுகளில், சுற்றுக்கு மூன்று வீதம், 27 ஆட்டமிழப்புகள் உண்டு. அவை தீர்ந்தால் அந்த அணியின் வாய்ப்பும் முடிந்துவிடும். ஆகவே ஆட்டமிழக்காமல் முதல் தளத்தை அடைவதே மட்டையாளரின் முதற் கடமை. எனினும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இத்திறமைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை.

நடை என்பது என்ன?

பந்தெறியாளர் வரம்புக்கு வெளியே வீசும் பந்தை மட்டையாளர் அடிக்க முயலாமல் விட்டுவிட்டால் அது ‘பால்’ எனக் கணக்கிடப்படும். நான்கு பால்கள் சேர்ந்தால் அவர் முதல் தளத்துக்கு நடந்தே செல்லலாம். இது ‘நடை’ எனப்படும். நான்கு என்ற எண்ணிக்கை 1889இல் நிலைபெற்றது.

கிரிக்கெட்டில் வைடு பந்துக்கான ஓட்டம் அணிக்குச் சேரும், மட்டையாளருக்குச் சேராது. பேஸ்பாலின் மட்டையடிச் சராசரியும் இப்படிப்பட்டதே. அதில் அடித்து அடைந்த தளங்கள் மட்டுமே இடம்பெறும். நடை கணக்கில் வராது. 1887ஆம் ஆண்டில் மட்டும் நடையும் அடியாகக் கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டே அம்முறை கைவிடப்பட்டது.

குறிப்பிடத்தக்க வீரர்கள்

ராய் தாமஸ்: பிலடெல்பியா பில்லீஸ் அணியின் இவ்வீரர், பிடிக்காத பந்துகளை எல்லைக்கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு பந்தெறியாளரைக் களைப்படையச் செய்வதில் வல்லவர். அக்காலத்தில் அவ்வாறு தட்டுவது ‘ஸ்ட்ரைக்’ ஆகக் கருதப்படவில்லை. நேஷனல் லீக் 1901இல் விதியை மாற்றியது. அதன் பிறகும் அவர் பல ஆண்டுகள் நடைகளில் முதலிடம் பெற்றார்.

மேக்ஸ் பிஷப்: பந்தைக் கணிக்கும் கூர்மையால் ‘கேமரா கண்’ எனப் பெயர் பெற்றவர். 1929இல் இவரது மட்டையடிச் சராசரி 0.232 மட்டுமே, ஆனால் 128 நடைகள் பெற்றார். பின்னால் வந்த ஜிம்மி பாக்ஸ், அல் சிம்மன்ஸ் ஆகியோர் அடித்தபோது இவர் பெரும்பாலும் தளத்தில் காத்திருந்தார். பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணி 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது.

டெட் வில்லியம்ஸ்: நல்ல பந்து வரும்வரை காத்திருப்பதே இவரது கொள்கை. 1941இல் 0.406 சராசரியுடன் 0.553 தளமடைவு விகிதமும் பெற்றார். வாழ்நாள் விகிதம் 0.482. இது இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

எடி யோஸ்ட்: பெரும்பாலும் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக ஆடிய இவரை ‘நடக்கும் மனிதர்’ என்றே அழைத்தனர். 1956இல் இவரது சராசரி 0.231. அதைப் பார்த்தால் சாதாரண வீரராகவே தோன்றுவார். ஆனால் அவ்வாண்டு இவர் பெற்ற நடைகள் 151. அவர் அடித்து அடைந்த தளங்களைவிட இது அதிகம். நடைகளையும் சேர்த்தால் நூறு முறைக்கு ஏறத்தாழ 41 முறை தளம் அடைந்திருக்கிறார். மொத்தம் 1,614 நடைகள் பெற்றார்.

கணக்கு மாறிய வரலாறு

அடிகள், நடைகள், உடலில் பந்து பட்டு அடைந்த தளங்கள் ஆகியவற்றைக் கூட்டி, மட்டையாடிய வாய்ப்புகளால் வகுத்தால் கிடைப்பதே தளமடைவு விகிதம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி 1947இல் ஆலன் ராத் என்ற புள்ளியியலாளரைப் பணியமர்த்தினார். இருவரும் இவ்விகிதத்தின் சிறப்பை வலியுறுத்தினர். 1954இல் ‘லைஃப்’ இதழில் ரிக்கி இதுபற்றி எழுதினார். ஆயினும் 1984இல்தான் இது அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமானது. 2003இல் வெளிவந்த மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ நூல் இதைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது.

யோஸ்ட் ஓய்வு பெற்றது 1962இல். அவர் ஆடிய காலத்தில் ஆண்டு இறுதிப் பட்டியல்களில் முன்னின்றது மட்டையடிச் சராசரியே. புகழ்மன்றத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வீரரின் உழைப்பு மாறவில்லை. அதை அளந்த அளவுகோல்தான் பின்னர் மாறியது.