ஸ்டியரிங் ஏன் நடுங்குது?

ராஜகீழ்ப்பாக்கத்துல நண்பர் ஒருத்தர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வேகத்துல பிரேக் அடிச்சா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது. "டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். உண்மையில டிஸ்க் வளையறது அபூர்வம் மக்களே!

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். டிஸ்க் பிரேக்குக்கு லான்செஸ்டர் காப்புரிமை வாங்கியது 1902-ல். ஆனா 1953 லே மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் போட்ட ஜாகுவார் சி-டைப் ஜெயிச்ச பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டிரம் பிரேக் சூடேறினா பிடிப்பு குறையும். டிஸ்க் காத்துபட்டு சீக்கிரம் ஆறிடும். நம்ம வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் பங்காளி, 1962-ல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு முன் சக்கரத்தில் டிஸ்க்தான்.

சூட்டை ஜெயிக்க வந்த டிஸ்க்குக்கும் சூடுதான் வில்லன். கொதிக்கிற டிஸ்க்கோட வண்டியை நிறுத்தி பிரேக்கை அழுத்தியே வச்சிருந்தா, பேடு ஒரே இடத்தில் அப்பிக்கும். ஹப்பில் துரு இருந்தாலும் டிஸ்க் கோணலா சுத்தி, ஒரு பக்கம் தேயும். தடிமன்ல மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசமே ஸ்டியரிங்கை ஆட்டிடும்.

நண்பர் காரில் டயல் கேஜ் வச்சுப் பார்த்தோம். வில்லன், ஹப் துரு! அதைத் தேய்ச்சு, தடிமன் போதுமான்னு அளந்து, டிஸ்க்கை லேசா கடைசல் பிடிச்சதும் நடுக்கம் போச்சு.

பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க!