தார்ப் புனித சூசையப்பர் சகோதரிகள் சபை (கோலார் தங்க வயல்)

பிரான்ஸ் நாட்டில் 1843-இல் தோன்றி, 1882-இல் பெங்களூருக்கு வந்து, 1904-இல் கோலார் தங்க வயலில் பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கிய கத்தோலிக்கப் பெண் துறவியர் சபை. தங்க வயலில் பொதுவாக ‘கான்வென்ட்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுவது இச்சபையின் சாம்பியன் ரீஃப் மடமும் பள்ளியும்தான். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வாக்குறுதிகளை ஏற்ற இச்சகோதரிகள், பள்ளியையும் நோயாளிப் பராமரிப்பையும் தம் முதன்மைப் பணிகளாகக் கொண்டவர்கள்.

தோற்றம்

தென்மேற்குப் பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்தில் தார்ப் மறைமாவட்டத்தைச் சேர்ந்த காந்தாவுஸ் என்னும் சிற்றூர் இச்சபையின் பிறப்பிடம். 1843 ஆகஸ்ட் 14 அன்று, மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தைய நாள், ஆறு இளம்பெண்கள் சேர்ந்து துறவு வாழ்வைத் தொடங்கினர். செல்வாக்குள்ள பிரபுக் குடும்பமோ பேரறிஞர் ஒருவரோ தோற்றுவித்த சபை அல்ல இது.

அக்காலப் பிரான்சில் இத்தகைய சிறு சபைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. பிரெஞ்சுப் புரட்சி பழைய மடங்களைக் கலைத்துவிட்டிருந்தது. நெப்போலியனுக்குப் பிறகு திருச்சபை மீண்டும் தலைநிமிர்ந்தபோது, கிராமங்களில் ஆசிரியரும் இல்லை, தாதியரும் இல்லை. 1833-இன் கீஸோ சட்டம் ஒவ்வோர் ஊராட்சியும் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பெண் பிள்ளைகளைப் பற்றி அது கவலைப்படவில்லை. 1850-இன் ஃபல்லூ சட்டம்தான் பெரிய ஊராட்சிகளில் பெண்கள் பள்ளியைக் கட்டாயமாக்கியது. இடையில் இருந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கன்னியர்கள். அரசுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறாவிட்டாலும், தலைமை அன்னை தரும் ‘கீழ்ப்படிதல் கடிதம்’ ஒன்றைக் காட்டினால் ஒரு கன்னியர் ஆசிரியராகப் பணியாற்றலாம் என்ற சலுகை அன்று நடைமுறையில் இருந்தது. படிப்பறிவுள்ள ஒரு விவசாயி மகள் ஆசிரியராவதற்கு மடம் ஒரு வழியாயிற்று. இச்சலுகையை 1881-இல் ஜூல் ஃபெரியின் சட்டம் நீக்கியது. 1904 ஜூலையில் துறவற சபைகள் பிரான்சில் கற்பிப்பதற்கே தடை வந்தது. சபை இந்தியாவுக்கு வந்த 1882, தங்க வயலில் பள்ளி தொடங்கிய 1904 ஆகிய ஆண்டுகளை இவற்றோடு சேர்த்துப் பார்த்தால், சொந்த நாட்டில் வாசல் அடைபட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் இவர்கள் கடல்கடந்த பணியில் வேரூன்றினர் என்பது விளங்கும். இந்தியாவோடு நில்லாமல் 1889-இல் வெனிசுவேலாவுக்கும் சென்றனர்.

தார்ப் என்றதும் லூர்து நினைவுக்கு வரும். 1858-இல் பெர்னதெத் காட்சி கண்ட லூர்து இதே மறைமாவட்டத்தில் உள்ளது. ஆனால் பெர்னதெத் சேர்ந்தது நெவேர் நகர்ச் சபையில், இச்சபையில் அல்ல.

பெயரும் வகையும்

புனித சூசையப்பர் (வளனார்) பெயரால் இந்தியாவில் பல பெண் துறவியர் சபைகள் உள்ளன. இவற்றை ஒன்றாகக் குழப்புவது பத்திரிகைகளிலும் பள்ளி மலர்களிலும் வழக்கமாகிவிட்டது. இவற்றுள் பழைமையான மரபு, 1650-இல் பிரான்சின் லெ புய் நகரில் இயேசு சபைக் குரு மெதாய் அமைத்த குழுவிலிருந்து வருவது. அதன் கிளைகளுள் ஒன்றான அன்னெசிச் சகோதரிகள் 1849-இல் ஏனாமில் இறங்கி, பின்னர் விசாகப்பட்டினத்தை மையமாகக் கொண்டனர். மற்றொரு கிளையான லியோன் சகோதரிகளைத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் காணலாம். க்ளூனிச் சகோதரிகள் இந்த மரபில் சேராதவர்கள். அன்-மரி ழவுஹே 1807-இல் நிறுவிய அச்சபை, 1827-இலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டது. புதுச்சேரியில் க்ளூனி ஆஸ்பத்திரியை அறியாதவர் இல்லை. பெங்களூரு மல்லேசுவரத்திலும் ஒரு க்ளூனி கான்வென்ட் உண்டு என்பதால் குழப்பம் கூடுகிறது. காந்தாவுஸில் தோன்றிய தார்ப் சபை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது. தங்க வயல் கான்வென்ட்டைக் ‘க்ளூனி’ கணக்கில் எழுதுவது பிழை.

மைசூர் மிஷன்

தங்க வயல் அடங்கிய மைசூர்ப் பகுதியின் கத்தோலிக்கத் திருச்சபை, இச்சபை இந்தியாவுக்கு வந்த காலத்தில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களின் பொறுப்பில் இருந்தது. நல்லாயன் சபைக் கன்னியர்கள் 1854-லேயே பெங்களூருக்கு வந்திருந்தனர். ஆனால் 1876–78 தாது வருஷப் பஞ்சம் நிலைமையை மாற்றியது. மைசூர் சமஸ்தானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் மாண்டனர் என்பது பொதுவான கணிப்பு. மிஷன் இல்லங்களில் அனாதைப் பிள்ளைகள் நிரம்பினர். 1880-இல் பொறுப்பேற்ற ஆயர் கோவாடூவின் காலத்தில், 1882-இல் தார்ப் சகோதரிகள் பெங்களூரு வந்து சேர்ந்தனர். கன்டோன்மென்ட்டின் கிளீவ்லேண்ட் டவுனில் உள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பெண்கள் பள்ளி இவர்களுடையது. பௌரிங் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் பணியிலும் இவர்கள் ஈடுபட்டனர். 1886-இல் மைசூர் தனி மறைமாவட்டம் ஆனது. தங்க வயல் மடம் அமைந்தபோது ஆயராக இருந்தவர் கிளைனர்.

தங்க வயலில்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி நிர்வாகத்தை ஏற்ற பிறகே தங்க வயல் ஊராகத் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனச் சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருபேட்டை) தங்க வயலின் மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருத் தெருவிளக்குகளுக்கே அதற்கு மூன்றாண்டு கழித்துத்தான் கிடைத்தது. 1901 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 38,000-ஐத் தாண்டியது. அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர். அவர்களிலும் மிகுதியானோர் தலித்துகள். வரிசையாக அடைத்த மூங்கில் தட்டிக் குடிசைகளே அவர்களின் ‘லைன்’ வீடுகள். மேட்டில் பங்களாக்களில் ஆங்கிலேய அதிகாரிகளும், கார்ன்வால், இத்தாலி ஆகிய இடங்களிலிருந்து வந்த சுரங்கக்காரர்களும், ஆங்கிலோ இந்தியரும் இருந்தனர்.

நந்திதுர்க்கம் சுரங்கத்தில் 1901-இல் கம்பெனி ஒரு ஆங்கிலத் தொடக்கப் பள்ளியைத் திறந்தது. அதுவே பின்னாளில் ஆண்கள் பள்ளியாக வளர்ந்தது. பெண் பிள்ளைகளுக்கான இடத்தைத் தார்ப் சகோதரிகள் பிடித்தனர். 1904 ஜனவரி 15 அன்று சாம்பியன் ரீஃபில், ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமியர் 22 பேருடன் புனித சூசையப்பர் கான்வென்ட் பள்ளி தொடங்கியது. பின்னர் வெற்றி அன்னை ஆலயத்தின் அருகே அதே சமூகத்து ஆண் பிள்ளைகளுக்குப் புனித மரியன்னை பள்ளி எழுந்தது.

இப்பள்ளி இருந்த சூழலையும் குறிப்பிட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது ஒலிக்கும் சுரங்கச் சங்குதான் ஊருக்கே கடிகாரம். ஆழத்தில் பாறை வெடிக்கும்போது மேலே தரை அதிரும், சுவரில் விரிசல் ஓடும். ஊரார் அதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அதிர்ச்சி நின்ற அடுத்த கணம், யார் வீட்டு ஆள் அந்த ஷிஃப்டில் இறங்கியிருந்தார் என்பதே ஒவ்வொரு வீட்டின் கேள்வி. காற்று வீசும் மாதங்களில் சயனைடு மேடுகள் எனப்படும் சுரங்கக் கழிவுக் குவியல்களின் வெண்தூள் துணியிலும் சோற்றிலும் படியும்.

முப்பத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் 22 பேருக்கான பள்ளி என்பது நிறப்படிநிலையின் நேரடி விளைவு. சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு அதில் இடமில்லை. ஆகவே ஊர் முழுமைக்குமான பணியாக இதைக் கணக்கிட வேண்டுமானால் 1904-ஐ விட 1933-ஐயே தொடக்கமாகக் கொள்வது பொருத்தம். அவ்வாண்டில் சபை, சுரங்க வளாகத்தை விட்டு வெளியே, கடைவீதியும் கலப்பு மக்களும் கொண்ட ராபர்ட்சன்பேட்டையில் புனித தெரேசா பள்ளியைத் தொடங்கியது. பத்தாண்டு கழித்துக் கோரமண்டலில் புனித செபஸ்தியார் பள்ளி வந்தது. இரண்டும் ஆங்கில வழிப் பள்ளிகள். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்ற தங்க வயல் வாழ்க்கைமுறையை உருவாக்கியதில் இவற்றுக்குப் பங்குண்டு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று உருவானது இழப்புதான்; ஆயினும் பிற்காலத்தில் பெங்களூரில் வேலை தேடிப் போனவர்களுக்கு அந்த ஆங்கிலம் சோறு போட்டது.

பிற்காலம்

இந்திய விடுதலைக்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர, கான்வென்ட் வகுப்பறைகளில் தொழிலாளர், பெமல் (பாரத் எர்த் மூவர்ஸ்) ஊழியர், வணிகர் பிள்ளைகள் நிறைந்தனர். சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசுக்கும், 1962-இல் நடுவண் அரசுக்கும் மாறி, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாகி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. தங்க வயல் இப்போது பெங்களூரு உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கான்வென்ட் பள்ளி இன்றும் இயங்கிவருகிறது.